ஈவ்ஷம் பள்ளத்தாக்கில் இரண்டு மாத அறுவடை

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் பகுதியில், ஏவன் ஆற்றங்கரையில் இருக்கிறது ஈவ்ஷம் பள்ளத்தாக்கு. ஆஸ்பராகஸுக்குப் பேர்போன மண். நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் பங்காளிப் பயிர்தான் இது. நாம் கிழங்கை எடுக்கிறோம். அவர்கள் மண்ணைப் பிளந்து வரும் தளிரைச் சாப்பிடுகிறார்கள்.

ஏப்ரல் 23 முதல் ஜூன் 21 வரைதான் அறுவடை என்பது அங்கே வழக்கம். ஒரு சாண் உயரம் வந்ததும் கத்தியால் அறுக்கிறார்கள். அறுத்ததிலிருந்தே இனிப்பு குறைந்து நாராகத் தொடங்கும். அதனால் வயலோரக் கடையில் கட்டாக வாங்கி, அன்றே சுடுகிறார்கள்.

நான் பார்த்த வீட்டில், முற்றிய அடித்தண்டை ஒடித்துவிட்டு, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயும் உப்பும் தடவினார்கள். தணல்மேல் கம்பிவலையில் குறுக்காக அடுக்கி, நான்கைந்து நிமிடம் புரட்டினார்கள். அங்கங்கே கருகியதும் எடுத்துக் கடித்தால், பச்சைப் பட்டாணியின் இனிப்பு.

ஜூன் கடைசியில் தளிர் வந்தாலும், விலை கிடைத்தாலும் அறுப்பதில்லை. அதன்பின் விரியும் தழைதான் வேருக்கு உணவு சேர்க்கிறது. நட்டபின் முதல் 2 ஆண்டுகள் பொறுத்திருந்து, பிறகு 10 ஆண்டுகள் பலன் எடுக்கும் பயிர் இது. ஆசைப்பட்டு அறுத்துக்கொண்டே போனால், அடுத்த ஆண்டு தளிர் மெலிந்துவிடும்.