பெரியப்பா வீட்டு லக்காக்கள்

காலை பத்து மணி ஆனால் எனக்கு ரிஷிவந்தியத்தில் பெரியப்பா வீட்டு மாடி ஞாபகம் வந்துவிடும். ராத்திரி முழுக்க முட்டைமேல் உட்கார்ந்திருந்த பெட்டைப் புறாவிடம் அந்த நேரத்துக்குத்தான் ஆண் வந்து நிற்கும். கொஞ்சம் உறுமும். பெட்டை எழுந்து, ஒரு இறக்கையையும் ஒரு காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுத் தீனிக்குப் போகும். ஆண் இரண்டு முட்டைகளையும் மூக்கால் நெஞ்சுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை நகராது. பதினேழு, பதினெட்டு நாள் இந்த முறை மாறாது. குஞ்சு பொரிந்த பிறகு இரண்டுக்கும் தொண்டைப்பையில் பால் ஊறும். தாய் மட்டுமல்ல, தகப்பனும் பால் கொடுக்கும் சாதி அது. அர்த்தநாரீஸ்வரர் ஊரில் வேறெப்படி இருக்கும் என்று பெரியப்பா சொல்லுவார்.

நான் இப்போது குரோம்பேட்டையில், பால்கனிக்கெல்லாம் புறா வலை அடித்த அடுக்குமாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறேன். ஆபீஸில் பத்து மணிக்கு எந்த வேலையில் இருந்தாலும் மனசு ஒருமுறை அந்த மாடிக்குப் போய் ஆள் மாறியாயிற்றா என்று பார்த்துவிட்டு வருகிறது.

கூட்டைப் பெரியப்பாவே கட்டினார். ஆப்பிள் பெட்டிப் பலகை, கோழிவலை, மேலே தென்னங்கீற்று. உள்ளே அறை அறையாகத் தடுத்து, அறைக்கு ஒரு மண்சட்டி, சட்டிக்குள் ஒரு கை ஆற்றுமணல். மீதியைப் புறாக்கள் பார்த்துக்கொண்டன. ஆண் வேப்பங்குச்சியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவந்து பெட்டையின் முதுகுக்குமேல் நீட்டும்; பெட்டை உட்கார்ந்த இடத்திலேயே வாங்கித் தன்னைச் சுற்றிச் செருகிக்கொள்ளும். தீனி கம்பு, சோளம், பச்சைப்பயறு, உடைத்த மக்காச்சோளம். எங்கள் பக்கம் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமே கிடையாது. செங்கல்பொடி, முட்டைஓடு, கல்லுப்பு, செம்மண் எல்லாம் பிசைந்து காயவைத்த உருண்டை ஒன்று எப்போதும் மூலையில் கிடக்கும். அம்மை கண்டால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுவார்.

ஐப்பசி மழையில் கூட்டைத் திறந்துவிட்டாலும் ஒன்றும் வெளியே வராது. பலகை விளிம்பில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருக்கும். பின்னாளில் நெடுநல்வாடை படித்தபோது, வாடைக்காற்றில் இரை தேடப் போகாமல், இரவு எது பகல் எது என்று புரியாமல், பெடையோடு பலகையில் இடம் மாறி நிற்கும் வீட்டுப்புறாவை நக்கீரர் எழுதியிருப்பதைக் கண்டேன். அவரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான், சந்தேகமில்லை.

கர்ணப்புறா, ஹோமர், லக்கா என மூன்று வகை இருந்தன. கர்ணம் வானத்துக்குப் போய், அந்த உயரத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுவதைப் பார்க்கத் தெருவே அண்ணாந்து நிற்கும். ஹோமர் உழைப்பாளி, யார் முட்டையை வைத்தாலும் அடைகாத்து வளர்த்துக் கொடுக்கும். பெரியப்பாவின் உயிர் லக்காவில் இருந்தது.

சாதாரணப் புறாவுக்கு வாலில் பன்னிரண்டு இறகு. நல்ல லக்காவுக்கு முப்பது, நாற்பதுகூட உண்டு. அதை மயில்போல் நிமிர்த்தி விரித்து, நெஞ்சை முன்னுக்குத் தள்ளி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, விரல் நுனியில் நடப்பதுபோல் நடக்கும். அந்த அழகுக்கு அது கொடுக்கிற விலையும் அதிகம். பலத்த காற்றடித்தால் வாலே பறவையைத் தள்ளிக்கொண்டு போகும். பருந்தோ வல்லூறோ வந்தால் தப்பிக்கப் பறக்கத் தெரியாது. இணைசேர வால் இடிக்கும். அதனால் ஜோடி போடும் முன் வால் அடியிலுள்ள இறகுகளைப் பெரியப்பா கத்தரித்துவிடுவார். பறவையை ஒரு கையில் கவிழ்த்துப் பிடித்து, தையல் கத்தரியால், தோலைத் தொடாமல் வெட்டுவார். அந்த நேரம் அவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்காது.

தை மாசம் ஜோடி சேர்க்கும் காலம். நான் ஏங்குவது முக்கால்வாசி அதற்காகத்தான். ஒவ்வொரு பறவையாகக் கோழிக்கூடையில் தனியே விட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்போம். இதற்கு வால் நடுவில் பிளவு. இதற்கு வால் இடப்பக்கம் சாய்கிறது. இது நிற்கும் விதம் பிரமாதம், ஆனால் கழுத்து தடிமன். எல்லாவற்றையும் பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டில் எழுதுவார். அதற்குத் தாய் எது, தகப்பன் எது, உடன்பிறந்தது எப்படி இருந்தது என்றும் இருக்கும். “வால் சாஞ்ச பெட்டைக்கு வால் சாஞ்ச ஆணையே போட்டா, அப்புறம் சாஞ்ச வாலே அதுங்களுக்குக் குலமாயிடும்டா” என்பார். குறையுள்ளதை அந்தக் குறையில்லாததோடு சேர்த்து, குஞ்சில் என்ன வருகிறது என்று காத்திருக்க வேண்டும். குஞ்சு வளர்ந்து இறகு மாறி முழு வால் தெரிய மாசக்கணக்காகும். அதற்குப் பிறகுதான் போட்ட ஜோடி சரியா என்று தெரியும்.

நிறத்தில் அவர் சொன்ன ஒரு விஷயம் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். நீல ஆணுக்குச் செந்நிறப் பெட்டையைப் போட்டால், கூட்டில் செந்நிறமாக வருவது ஆண், நீலமாக வருவது பெட்டை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்பார். நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு பால் குரோமோசோமில் இருக்கிறது, பெட்டை தன்னுடையதை மகன்களுக்கு மட்டுமே கொடுக்கும் என்று நான் கல்லூரிப் பாடத்தில் படித்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பெரியப்பா அதை மண்சட்டிகளைப் பார்த்தே தெரிந்துவைத்திருந்தார்.

ஊரில் கண்காட்சி, கோப்பை என்று ஒன்றும் கிடையாது. காணும்பொங்கலன்று மாடியில் கூடைகளை வரிசையாக வைப்பார். தெருப் பையன்கள், தியாகதுருகத்திலிருந்து சைக்கிளில் வரும் அவருடைய கூட்டாளிகள் என்று பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். ஒரு மெல்லிய குச்சியால் பறவையின் நெஞ்சைத் தொட்டால் அது நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காக ஒரு வாரமாகவே சின்னக் கூண்டில் விட்டுப் பழக்கியிருப்பார். கூட்டாளிகள் கையால் தொடாமல் குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் “வாலு வட்டமா நிக்குது” என்று சொல்லிவிட்டால் பெரியப்பா அன்று சாப்பாட்டை மறந்துவிடுவார்.

ஒரு வருஷம் கோயில் மதிலில் உட்காரும் மாடப்புறா ஒன்று இறங்கிவந்து வெள்ளை லக்காப் பெட்டையோடு சேர்ந்துகொண்டது. குஞ்சுகள் வளர்ந்தபோது வெள்ளை போய்விட்டிருந்தது. சாம்பல்நீல உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, அப்படியே மதில் புறா. வாலில் மட்டும் பன்னிரண்டைத் தாண்டிச் சில இறகுகள், விரிக்கவும் தெரியாமல் மடக்கவும் தெரியாமல். பெரியப்பா அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சார்லஸ் டார்வின் 1855-இல் புறா வளர்க்கத் தொடங்கி, லண்டனில் இரண்டு புறா மன்றங்களில் சேர்ந்து, இதையே செய்து பார்த்தவர். வெவ்வேறு அலங்காரச் சாதிகளைக் கலந்தபோது மாடப்புறாவின் நீலமும் பட்டையும் மறுபடி வெளியே வந்தன. எல்லாச் சாதிக்கும் மூதாதை மாடப்புறாதான் என்பதற்குச் சான்றாக, 1859-இல் வெளிவந்த தன் நூலின் முதல் அத்தியாயத்திலேயே அதை வைத்தார். அதற்குப் புறாத் தோல்கள் அனுப்பி உதவியவர்களில் மெட்ராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டும் ஒருவர். அக்பர் சபையோடு இருபதாயிரத்துக்குக் குறையாமல் புறாக்கள் இருந்ததையும் டார்வின் எழுதுகிறார். அத்தனை பெரிய சபையிலும் எங்கள் மாடியிலும் நடந்த வேலை ஒன்றுதான்: ஒருவர் தினமும் உட்கார்ந்து பார்த்து, எது எதோடு சேர வேண்டும் என்று முடிவு செய்வது. அவர் எழுந்து போனால் சில தலைமுறையில் லக்கா மதில்புறா ஆகிவிடும்.

பெரியப்பா எழுந்து போக வேண்டியதாயிற்று. வறட்டு இருமல் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. புறாவின் எச்சத்திலும் இறகுத் தூளிலும் இருக்கும் புரதம் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமையாகி, விடாமல் தொடர்ந்தால் நுரையீரலே தழும்பேறி இறுகிவிடும். மூக்கில் துணி கட்டாமல் அத்தனை வருஷம் கூட்டைச் சுரண்டியவர். புறாவா, நுரையீரலா என்று டாக்டர் இரண்டே வழி சொன்னார்.

லக்காக்கள் கூட்டாளிகளுக்குப் போயின. போன இடத்தில் தங்கிக்கொண்டன. ஹோமர்கள் கேட்கவில்லை. திருக்கோவிலூரில் கொண்டுபோய்க் கொடுத்தவை, கூண்டைத் திறந்த அன்றே திரும்பிவந்து தண்ணீர்த் தொட்டிமேல் வரிசையாக உட்கார்ந்தன. கூடு பிரித்தாகிவிட்டது. பெரியப்பா ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். பெரியம்மா கம்பு போடப் போனவர், போடாமலே இறங்கி வந்தார். மறுபடி பிடித்து அனுப்பி, அங்கே மாசக்கணக்கில் அடைத்துவைத்த பிறகுதான் வரத்து நின்றது.

வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் பல்லாவரம் சந்தைக்குப் போகிறேன். கம்பிக்கூண்டுகளில் லக்கா நெருக்கியடித்துக் கிடக்கும். வால் ஒடிந்து, காலில் எச்சம் காய்ந்து. விற்பவரிடம் தாய் தகப்பன் கேட்டால் விழிக்கிறார். வீட்டுக்காரர் புறா கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது, கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆனாலும் நான் கூண்டு கூண்டாகக் குனிந்து பார்க்காமல் திரும்புவதில்லை.

பெரியப்பாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சொந்தமாக ஒரு மாடி அமைந்தால், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தினமும் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கிக் கூடு பெருக்குவேன். முதல் ஜோடியும் யோசித்து வைத்தாயிற்று. ஆண் வெள்ளை, வால் நேராக, பிளவில்லாமல் இருக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெட்டை நல்ல நடையும் மெல்லிய கழுத்துமாக அமைந்தால் போதும். வால் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தாலும் குஞ்சில் சரிசெய்துகொள்ளலாம்.