அரபிக்கடலில் போர் போடுகிறவர்கள்

கோரிப்பாளையத்தில் யார் வீட்டில் போர் போட்டாலும் தெருவே கூடிவிடும். திருச்செங்கோட்டு வண்டி, காதைப் பிளக்கும் கம்ப்ரசர், ஜன்னலெல்லாம் வெள்ளையாய்ப் படியும் பாறைப் பவுடர். எல்லாருக்கும் ஒரே வேண்டுதல்தான்: பாறையில் எங்காவது வெடிப்பு தட்டுப்பட வேண்டும். மதுரைக்கு அடியில் கிடக்கும் கடும்பாறையில் தண்ணீர் இருப்பதே வெடிப்புகளில்தானே. அந்த ஊர்க்காரனான எனக்கு, வெடிப்பைக் கண்டு பதறுகிற மனிதர்களைப் பார்த்து வியப்பு அடங்கவில்லை.

அவர்களைப் பார்த்தது மும்பை ஹை எண்ணெய் வயலில். மும்பை ஜூஹுவில் ஹெலிகாப்டர் ஏறினால் கடல்மேல் சுமார் 160 கிலோமீட்டர். 1974இல் ‘சாகர் சாம்ராட்’ என்ற துளையிடும் ரிக் எண்ணெய் கண்ட இடம். இரும்புக் கால்களில் நிற்கும் ரிக்கில் என்னைக் கட்டிப்போட்டது சேற்றுத் தொட்டிதான். அந்தச் சேற்றை ‘மட்’ என்கிறார்கள். குழாய் வழியே இறங்கி, பாறையை அரைக்கும் பிட்டின் சூட்டைத் தணித்து, அரைபட்ட பாறைத் துகளை அள்ளிக்கொண்டு மேலே வந்து, அதிரும் சல்லடையில் சளசளவென்று கொட்டுகிறது. கொட்டுவது குறைந்து தொட்டியின் மட்டமும் இறங்கினால் ‘லாஸ்’. கீழே இருக்கும் சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் பொந்துமானது. 1976 முதல் எண்ணெய் எடுத்ததில் உள்ளழுத்தமும் குறைந்திருக்கிறது. இறங்கும் மட்டை அந்தப் பாறை அப்படியே குடித்துவிடும்.

“மட் செலவாகுதேன்னு பயமில்லை சார்,” என்றார் கும்பகோணத்து இன்ஜினியர். “கிணத்துல மட் மட்டம் இறங்கினா அது கீழே அழுத்துற பாரம் போயிடும். வேற அடுக்குல இருக்கிற கேஸ் மேல ஏறிடும்.”

வெடிப்பை அடைக்க மட்டில் கலக்கும் பொருள்களின் மூட்டைகளைப் பிரித்துக் காட்டினார். பளபளக்கும் மைக்கா செதில், வால்நட் ஓட்டுத் தூள், பல பருமனில் சுண்ணாம்புக்கல் பொடி. ஒரே பருமன் உதவாது. மடை வாயில் கட்டை சிக்கினால் சுள்ளியும் சருகும் வந்து அடைத்துக்கொள்வது போல, பெரிய துகள் வெடிப்பின் குறுக்கே நிற்க, சின்னது இடுக்கை நிரப்ப, நைசானது மேலே பூசிக்கொள்கிறது. வெடிப்பின் அகலத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மட் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை வைத்தே கலவையை முடிவு செய்கிறார்கள். இதற்கும் கட்டுப்படாவிட்டால் சிமெண்டை இறக்கி, இறுகவிட்டு, அதையே துளைத்துக்கொண்டு கீழே போகிறார்கள். எவ்வளவு பொறுமை!

“வழியெல்லாம் அடைத்துவிட்டால் எண்ணெய் எப்படித் தம்பி வரும்?” என்றேன்.

“அதுக்குத்தான் சார் சுண்ணாம்புக்கல். கிணறு முடிஞ்சதும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா கரைஞ்சு வழி திறந்துடும். மைக்கா கரையாது. அதனால எண்ணெய் இருக்கிற அடுக்குல அதைத் தொடவே மாட்டோம்.”