ஒரு சொல்லும் ஒரு சீடரும்



ஆங்கில வகுப்பில் ஒருநாள் 'இம்பெச்சுவஸ்' என்ற சொல் வந்தது. முன்பின் யோசியாமல் அவசரப்படும் குணம் என்று அகராதி பொருள் கூறிற்று. 'ராஷ்', 'ரெக்லெஸ்' என்பவற்றுக்கும் அதே பொருள்தானே என்று சிஸ்டரிடம் கேட்டோம். "மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் குணம் வேறு" என்றார்கள்.

'ராஷ்' என்பது ஆராயாமல் செய்த செயலைக் குறிக்கும். 'ரெக்லெஸ்' என்பதிலுள்ள 'ரெக்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் அக்கறை என்று பொருள். பிறர் உயிரைப் பற்றிக் கவலையின்றிப் பேருந்தை விரட்டுபவர் 'ரெக்லெஸ்'. 'இம்பெச்சுவஸ்' என்பதோ, முன்னோக்கிப் பாய்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இங்கே குறைவது அக்கறை அன்று; நிதானமே.

இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. சென்ற மழைக்காலத்தில் என் தம்பி, கால்வாயில் தத்தளித்த ஓர் ஆட்டுக்குட்டியைக் கண்டதும் குதித்துவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. வயலில் நின்ற பெரியவர் ஒருவர் இருவரையும் கரை சேர்த்தார். "எங்களைப் பற்றி உனக்கு அக்கறையே இல்லையா?" என்று அம்மா அழுதார்கள். அம்மாவின் பயம் நியாயமானதே. ஆனால் அன்றிலிருந்து தம்பி யாருக்கும் உதவ முன்வருவதில்லை. "எனக்கு எதற்கு வம்பு?" என்று ஒதுங்கிவிடுகிறான். நிதானம் இல்லாதவனை அக்கறை இல்லாதவன் என்று சொன்னது அவன் மனத்தில் தைத்துவிட்டது.

நம் பாட்டிமார் 'இராயப்பர்' என்று அழைக்கும் புனித பேதுருவை எண்ணிப் பாருங்கள். ஆண்டவரிடம் செல்லும் ஆவலில் படகை விட்டுக் கடல்மேல் நடந்தார். காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்கினார். இயேசு உடனே கையை நீட்டி அவரைப் பிடித்தார். அதன் பிறகே கடிந்துகொண்டார். ஒலிவத் தோட்டத்தில் பேதுரு வாளை உருவி மால்குவின் காதை வெட்டியபோது, வாளை உறையில் போடச் சொன்னார். அந்தக் காதையும் குணமாக்கினார். உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார் என்று கேட்டதும் பேதுரு மறுபடியும் கடலில் குதித்தார். அன்று காலையிலேயே இயேசு தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அவருடைய வேகத்தை ஆண்டவர் அணைத்துவிடவில்லை, நெறிப்படுத்தினார்.

இதை நான் அப்பாவிடம் சொன்னேன். இந்தக் கோடை விடுமுறையில் தம்பியை நீச்சல் கற்க அனுப்புவதாகக் கூறியிருக்கிறார்கள்.

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் முன்னோர் மொழி. அதை நாம் மறக்க வேண்டாம். ஆனால் பதறி ஓடுகிற தம்பி தங்கையரைத் திருத்தும்போது, முதலில் கையை நீட்டுவோம், பிறகு கடிந்துகொள்வோம். சொல்லையும் சரியாகத் தேர்ந்துகொள்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி