மருத்துவர் பயிலும் மணிக்கணக்கு

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 931இல், பாக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் உயிரிழந்தார். செய்தி கலீஃபா அல்-முக்ததிரின் செவிக்கு எட்டியது. சினான் இப்னு தாபித் தேர்ந்து சான்றளித்தாலன்றி அந்நகரில் எவரும் மருத்துவம் செய்தலாகாது என்று அவர் ஆணையிட்டார். 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என இப்னுல் கிஃப்தி முதலியோர் எழுதியுள்ளனர். வந்தவருள் பொலிவான தோற்றமுடைய முதியவர் ஒருவர், தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், தம் குடும்பம் இத்தொழிலையே நம்பியுள்ளது என்றும் ஒப்புக்கொண்டாராம். அறியாத நோயில் கை வைப்பதில்லை என்ற நிபந்தனையின் பேரில் சினான் இசைவளித்தார். மறுநாள் வந்த இளைஞரிடம், “யாரிடம் பயின்றீர்?” என வினவினார். “நேற்று வந்த பெரியவரிடம்; அவர் என் தந்தை” என்று விடை வந்தது! நகைப்புக்காகவே இக்கதையைச் சொல்வோர் பலர். தன் அறிவின் எல்லையை அறிதலே சினான் கேட்ட பாடம் என்பது என் கருத்து.

அந்த எல்லை இன்று ஆண்டுதோறும் நகர்கிறது. நேற்றைய நல்மருந்து இன்று விலக்கப்படுகிறது. ஆகவே பட்டம் பெற்ற பின்னரும் மருத்துவர் பயில வேண்டும். 1947இல் தோன்றிய அமெரிக்கப் பொது மருத்துவர் பேரவை, மூன்றாண்டுக்கு 150 மணி நேரப் பயிற்சியைத் தன் உறுப்பினர்க்கு விதித்தது. நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி என்றன. அங்கே ஆண்டுக்கு ஐம்பது மணி, இங்கே ஆறு!

எனினும் மணிக்கணக்கு பற்றி நான் பெரிதும் கவலைப்படவில்லை. கல்லூரி ஆசிரியராகிய நாங்களும் 1987 முதல் புத்தொளிப் பயிற்சிக்குச் சென்று வருகிறோம். அமர்ந்திருந்தமைக்குச் சான்றிதழ் கிடைப்பது எங்களுக்குப் புதிதன்று. அந்த மணிகளில் கற்பிக்கப்படுவது யாது, செலவை ஏற்பவர் யார் என்பனவே வினாக்கள்.

எங்கள் தெருவில் ஒரு குடும்ப மருத்துவர் இருக்கிறார். ஞாயிறுதோறும் மருத்துவமனையை அடைத்துவிட்டு நகரத்து விடுதிக் கூட்டங்களுக்குச் சென்று மணிகளைச் சேர்க்கிறார். அங்கே இதய அறுவையின் புதுமைகளைக் கேட்டு வந்தாராம். அவரிடம் வருவோரோ என் உம்மாவைப் போன்ற நீரிழிவு நோயாளிகள். “நோன்பு வைக்கலாமா, டாக்டர்?” என்பதே ரமலானுக்கு முன் அவர்கள் கேட்கும் கேள்வி. இதற்கு விடை இல்லாமல் இல்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது. யார் நோன்பைத் தவிர்க்க வேண்டும், மாத்திரையின் அளவையும் வேளையையும் எவ்வாறு மாற்றுவது என்பன அதில் உள. கிளிபென்கிளமைடு போன்றவை சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும். உம்மாவின் உயிர் இந்த எண்ணில் இருக்கிறது. இதனை எங்கள் மருத்துவர் தாமே தேடிப் படித்தார். அதற்கு ஒரு மணியும் கணக்கில் ஏறவில்லை.

அமெரிக்கப் பேரவை இதில் ஒரு நல்ல வழியைக் கண்டது. பாடத்திட்டம் வகுப்பதில் குடும்ப மருத்துவ உறுப்பினர் ஒருவரேனும் பங்குகொண்டால்தான் அதன் முதல்தரச் சான்று கிட்டும். செலவு பற்றிய வினா இதனினும் கடினமானது. மருந்து நிறுவனங்களிடம் பரிசும் பயணமும் பெறுதல் 2009இல் தடுக்கப்பட்டது. அவர்கள் பொருளுதவி செய்யும் கருத்தரங்குகளையும் 2023 ஆகஸ்டில் வந்த விதிகள் விலக்கின. அம்மாதமே அவ்விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன.

நம் கல்லூரி அரங்கு விடுமுறை நாட்களில் பூட்டியே கிடக்கிறது. ஷஅபான் மாதத்தில் இரண்டு மணி நேரப் பயிலரங்கு ஒன்றை இவ்வட்டாரக் குடும்ப மருத்துவர்களே வகுத்து நடத்தலாம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு விண்ணப்பித்து அதற்கு மணி மதிப்பும் கோரலாம். தேநீர்ச் செலவை ஜமாஅத் பெரியவர்கள் ஏற்பார்களாயின், மருந்து நிறுவனத்தின் பதாகை அரங்கில் தொங்க வேண்டியதில்லை.