நான்கு ஆட்டக்காரர்கள், ஒரு சுவர்

பிட்ஸ்பர்க் வரும் இந்தியர்கள் முதலில் போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நகருக்குக் கிழக்கே, பென் ஹில்ஸ் பகுதியில் 1976இல் எழுந்த வேங்கடேஸ்வரர் கோயில். தரிசனம் முடிந்து, புளியோதரை சாப்பிட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அமெரிக்கர்களுக்கும் இந்த ஊரில் ஒரு கோயில் இருந்தது. அதில் இன்று மிச்சமிருப்பது ஒரு மதில் சுவர்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் இருக்கும் ஓக்லாண்ட் பகுதியில், மரங்களுக்கு நடுவே அந்தச் செங்கல் சுவர் நிற்கிறது. மேலெல்லாம் கொடி படர்ந்திருக்கிறது. ஓரிடத்தில் வெள்ளை எழுத்தில் 457 அடி என்று குறித்திருக்கிறார்கள். பந்தை அடிப்பவன் நின்ற இடத்திலிருந்து சுவர் வரையிலான தூரம் அது. ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானம் 1909 முதல் 1970 வரை இங்கு இருந்தது. பிறகு இடித்துவிட்டார்கள். பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பிளேட் இப்போது பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் தரையில், கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மாணவர்கள் அதை மிதித்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 13 அன்று இந்தச் சுவரடியில் சிறு கூட்டம் கூடுகிறது. 1960இல் அதே நாளில் பில் மஸரோஸ்கி அடித்த ஹோம் ரன் நியூயார்க் யாங்கீஸை வீழ்த்தி, உள்ளூர் பைரேட்ஸ் அணிக்கு உலகத் தொடரை வாங்கித் தந்தது. அந்த ஆட்டத்தின் பழைய வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசிப் பந்தில் கைதட்டுகிறார்கள்.

இந்தச் சுவரைத் தேடி வர அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எந்தக் காலத்திலும் மிகப் பெரிய பேட்ஸ்மேன் யார் என்று அமெரிக்கர்கள் நூறாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் அடிபடும் பெயர்களில் நான்கு பேர் இதே மைதானத்தில் மட்டை பிடித்திருக்கிறார்கள்: ஹோனஸ் வாக்னர், டை காப், பேப் ரூத், ஜாஷ் கிப்ஸன். மூவருக்குக் கதவு திறந்திருந்தது. ஒருவருக்குப் பெரிய லீகின் கதவு கடைசிவரை திறக்கவில்லை.

கிரிக்கெட் பழகிய நமக்கு ஒரு சின்ன விளக்கம் தேவை. பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது ரன் கணக்கு இல்லை. மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை முறை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டினார் என்பதே கணக்கு. பத்துக்கு மூன்று, அதாவது 0.300 என்றால் நல்ல ஆட்டக்காரர். பத்துக்கு நான்கை நெருங்குபவர் தெய்வம். அடியின் கனத்தை அளக்க ஸ்லக்கிங் சராசரி என்று இன்னொன்று உண்டு. பந்து எல்லைச் சுவரைத் தாண்டினால் ஹோம் ரன். நம்முடைய சிக்ஸர்தான், ஆனால் அவ்வளவு மலிவானதில்லை.

முதல் மோதல் 1909 அக்டோபரில் நடந்தது. மைதானம் திறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. உலகத் தொடரில் பைரேட்ஸுக்கு எதிராக வந்தது டெட்ராய்ட் டைகர்ஸ். இந்தப் பக்கம் 35 வயது வாக்னர், பிட்ஸ்பர்க்கை ஒட்டிய சுரங்கப் பகுதியில் பிறந்த உள்ளூர்க்காரர். அந்தப் பக்கம் 22 வயது காப், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த முரட்டு இளைஞர். காப் அந்த ஆண்டு அமெரிக்கன் லீகில் சராசரி, ஹோம் ரன் இரண்டிலும் முதலிடம். எத்தனை ஹோம் ரன் தெரியுமா? ஒன்பது. ஒன்றுகூடச் சுவரைத் தாண்டவில்லை. அடித்துவிட்டு ஓடியே எடுத்தவை.

அது அப்படிப்பட்ட காலம். ஒரே பந்தை அழுக்கேறிக் கன்றிப் போகும்வரை வைத்து ஆடினார்கள். பிட்சர்கள் அதில் எச்சில் துப்பி வீசினார்கள். பந்து எழும்பாது. இடைவெளி பார்த்துத் தட்டி, குதிரை மாதிரி ஓடுபவனே ராஜா. தொடரை 4க்கு 3 என்று பிட்ஸ்பர்க் வென்றது. வாக்னரின் சராசரி 0.333, பறித்த பேஸ்கள் ஆறு. காப் 0.231இல் முடங்கினார். ஆனால் காப் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஓய்வு பெறும்போது அவரது வாழ்நாள் சராசரி 0.367. அதை யாராலும் தொட முடியாது என்றே பிறகு எழுதி வைத்தார்கள்.

வாக்னரின் சிலையைப் பார்க்க ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். பைரேட்ஸின் இப்போதைய அரங்கமான பிஎன்சி பார்க் வாசலில், அடித்த பந்தைப் பார்த்தபடி வெண்கலத்தில் நிற்கிறார். 1955இல், அவர் இறந்த அதே ஆண்டில், பழைய மைதானத்தருகே நிறுவிய சிலை அது. அணி மைதானம் மாறும்போதெல்லாம் சிலையும் கூடவே மாறி வந்திருக்கிறது. 2006இல் இதே அரங்கின் இன்னொரு வாசலில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஏழு பேருக்குச் சிலை வைத்தார்கள். அவர்களில் கிப்ஸனும் ஒருவர். 2015இல் அந்தச் சிலைகள் அகற்றப்பட்டன. வாக்னர் மட்டும் அசையவில்லை.

1920இல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது. அந்த ஆண்டே ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்தார். பிறகு அழுக்குப் பந்துகளை உடனுக்குடன் மாற்றத் தொடங்கினார்கள். வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரிந்தது. 1919இல் 29 ஹோம் ரன் அடித்த பேப் ரூத் 1920இல் 54 அடித்தார். 1927இல் 60. ஓடிப் பிழைத்த ஆட்டம் ஒரே வீச்சில் அடித்து நொறுக்கும் ஆட்டமாக மாறியது.

காப் பற்றிய விவாதம் இங்கேதான் சூடு பிடிக்கும். அவர் வாழ்நாளில் அடித்தது 117 ஹோம் ரன், ரூத் 714. ஆனால் 1925 மே மாதம், 38 வயதில், செயின்ட் லூயிஸில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார் காப். மறுநாள் இன்னும் இரண்டு. முடியாமல் விட்டவர் அல்ல, வேண்டாமென்று விட்டவர் என்று அவரது ரசிகர்கள் சொல்வதற்கு இந்த இரண்டு நாள் போதுமாக இருக்கிறது. நேரம் மாறினால் ஆட்டமும் மாறுகிறது. அப்புறம் எண்களை எப்படி ஒப்பிடுவது?

ரூத்தின் கடைசி வெளிச்சமும் ஓக்லாண்டில்தான் விழுந்தது. 1935 மே 25. வயது 40, பெருத்த உடம்பு, பாஸ்டன் பிரேவ்ஸ் என்ற தோற்கும் அணி. அன்று ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மூன்றாவது, வலப்புற ஸ்டாண்டின் கூரையைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. அதற்கு முன் யாரும் அங்கே அடித்ததில்லை. அதுதான் 714ஆவது. பாஸ்டன் அந்த ஆட்டத்திலும் தோற்றது. சில நாட்களில் ரூத் ஓய்வு பெற்றார்.

அதே 1935இல், இங்கிருந்து சிறிது தூரத்தில், ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பில் 23 வயது இளைஞர் ஒருவர் பந்துகளைச் சிதறடித்துக் கொண்டிருந்தார். கேட்ச்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் போன்ற வேலை. முட்டி மடக்கிக் குந்தியே பாதி ஆட்டம் கழியும். அவர்தான் ஜாஷ் கிப்ஸன். அவரும் காப் மாதிரியே ஜார்ஜியாவில் பிறந்தவர். அப்பாவுக்கு பிட்ஸ்பர்க் இரும்பாலையில் வேலை கிடைத்ததால் குடும்பம் இங்கே குடிபெயர்ந்தது.

பெட்ஃபோர்ட் அவென்யூவில் நடந்தால் இப்போது மைதானம் கண்ணில் படாது. கஸ் கிரீன்லீ என்பவர் 1932இல் அங்கே ஒரு மைதானம் கட்டினார். நம்மூர் மட்கா போன்ற நம்பர் சூதாட்டத்தில் சம்பாதித்தவர். கிப்ஸன் ஆடிய கிராஃபோர்ட்ஸ் அணி அவருடையது. 1938இல் மைதானத்தை இடித்து, அரசு குடியிருப்பு கட்டினார்கள். வெள்ளையரின் மைதானத்துக்குச் சுவராவது மிஞ்சியது. இங்கே நினைவுப் பலகை ஒன்றுதான்.

பேஸ்பாலில் கறுப்பருக்கு எழுத்தில் தடை இருக்கவில்லை. உரிமையாளர்கள் தங்களுக்குள் வைத்திருந்த வாய்வழி உடன்பாடு 1880களிலிருந்து சட்டத்தைவிடக் கறாராக வேலை செய்தது. எனவே கறுப்பர்கள் தங்களுக்கென்று நீக்ரோ லீகுகளை நடத்தினார்கள். ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்காக கிப்ஸன் ஃபோர்ப்ஸ் ஃபீல்டிலும் ஆடினார், பைரேட்ஸ் வெளியூர் போயிருந்த நாட்களில். அதே ஹோம் பிளேட், அதே 457 அடி. பத்திரிகைகள் அவரைக் கறுப்பு பேப் ரூத் என்றன. ரூத்தை வெள்ளை ஜாஷ் கிப்ஸன் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று ஹில் டிஸ்ட்ரிக்ட் திருப்பிக் கேட்டது.

அவர் இறந்தது 1947 ஜனவரி 20. வயது 35. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி நிறத் தடையை உடைத்தார்.

அதன் பிறகு பெயர் மட்டும் மெல்ல மெல்ல மேலே வந்தது. 1966இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட டெட் வில்லியம்ஸ், தன் ஏற்புரையிலேயே கிப்ஸனுக்கும் சாட்சல் பெய்ஜுக்கும் இங்கே இடம் வேண்டும் என்றார். வெள்ளையர் உலகின் மாபெரும் பேட்ஸ்மேன் சொன்னதால் அதற்கு எடை இருந்தது. 1972இல் கிப்ஸனுக்கு இடம் கிடைத்தது.

எண்களுக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீகுகளையும் மேஜர் லீகாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டி, ஆட்ட விவரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்திருந்தார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்குகள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் ஏறின. கிப்ஸனின் வாழ்நாள் சராசரி 0.372; காப் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். ஸ்லக்கிங்கில் கிப்ஸன் 0.718, ரூத் 0.690. ஒரு பருவத்துக்கான சராசரியிலும் 1943இல் கிப்ஸன் எடுத்த 0.466 முதலிடம் பிடித்தது.

உடனே எதிர்ப்பும் கிளம்பியது. காப் ஆடியது 3,000க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், ரூத் 2,500. கிப்ஸனுக்குக் கணக்கில் ஏறியது சுமார் 600 மட்டுமே. ஊர் ஊராகப் பஸ்ஸில் போய் ஆடிய நூற்றுக்கணக்கான காட்சி ஆட்டங்களைச் சேர்க்கவில்லை. அவரது ஹால் ஆஃப் ஃபேம் பட்டயம் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது. பதிவேட்டில் 200கூட இல்லை. இவ்வளவு சின்னக் கணக்கை வைத்து காப்பை இறக்கலாமா என்பது நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தக் கேள்வியை மற்ற மூவரிடமும் கேட்க வேண்டும். வாக்னரும் காப்பும் ரூத்தும் லீக் ஆட்டங்களில் சாட்சல் பெய்ஜ் போன்ற ஒரு கறுப்பு பிட்சரைக்கூடச் சந்தித்ததில்லை. சந்திக்க விடவில்லை. நாட்டின் சிறந்த வீச்சாளர்களில் ஒரு பகுதியை வாசலில் நிறுத்திவிட்டு எடுத்த சராசரிகள் அவை. கிப்ஸனின் 0.372க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டுமென்றால், 0.367க்குப் பக்கத்திலும் போட வேண்டும், 714க்குப் பக்கத்திலும்.

இந்தியர்களுக்கு இந்தக் கதை அன்னியமானதில்லை. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து போய் 100க்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர். தலித் என்பதால், இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசிவரை அவருக்குத் தரப்படவில்லை. புனேயில் ஆட்ட இடைவேளையில் அவருக்கு மட்டும் தேநீர் வெளியே, மண் கோப்பையில் வந்தது. விக்கெட் கணக்கு புத்தகத்தில் இருக்கிறது. மண் கோப்பைக்குப் புத்தகத்தில் இடமில்லை.

கடைசியாகப் போனது லாரன்ஸ்வில் பகுதியில் உள்ள அலெகெனி கல்லறைத் தோட்டம். பெரிய மாளிகை போன்ற சமாதிகளுக்கு நடுவே, தரையோடு தரையாக ஒரு சிறிய கல். பெயர், இரண்டு ஆண்டுகள், புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் என்ற ஒரு வரி. சராசரி எதுவும் பொறிக்கவில்லை. 28 ஆண்டுகள் இந்த இடத்தில் அந்தக் கல்லும் இல்லை. அதை வைத்தது 1975இல், ஹால் ஆஃப் ஃபேமில் பட்டயம் மாட்டி மூன்று ஆண்டுகள் கழித்து.