ரிவர்ஸ் எடுக்கிறது வரும்போதா, கிளம்பும்போதா?

1/ மண்ணச்சநல்லூர்ல அரிசி ஆலை லாரி, பஸ், பைக், நடந்து போற பிள்ளைங்கன்னு எல்லாத்துக்கும் ஒரே ரோடுதான். கார் வச்சிருக்கவங்க இதைப் படிங்க.

2/ நிறுத்தின காரை எடுக்கணும்னா ஒருதடவை ரிவர்ஸ் போட்டே ஆகணும். அதை வரும்போதே போட்டுடுங்க. இடம் காலியான்னு அப்பத்தான் கண்ணால பார்த்திருப்பீங்க. கிளம்பும்போது பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு தெரியாது.

3/ இரண்டு வயசுக் குழந்தை சுமார் 85 செ.மீ. உயரம்தான். டாட்டா காட்ட ஓடி வந்து டிக்கி பக்கம் நின்னா கண்ணாடியில தெரியாது. மெதுவா இடிச்சாலும் அடிபடுறது தலை, நெஞ்சு, வயிறு.

4/ 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பழைய காரா? ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திப் பாருங்க. குழந்தை யார் கையில இருக்குன்னு கேட்டுட்டு சாவியைப் போடுங்க.