ஜீனோ இருந்த அலமாரி

துத்தம் கலந்த மைதாப் பசையின் வாடை உங்களுக்கும் நினைவிருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டுக் கிண்டி இறக்கிய பசை. கோயில் தெருவில் பைண்டிங் அண்ணாச்சி அதை அகல பிரஷ்ஷால் அட்டைமேல் இழுத்தால் ஒரு புளித்த நெடி தெருமுனை வரைக்கும் வரும். அம்மா விகடனிலிருந்து வாராவாரம் கிழித்து, அரிசிப்பானைக்குப் பின்னால் சேர்த்துவைத்த தாள்களைச் சணலில் கட்டி அவரிடம் கொண்டுபோவேன். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ எங்கள் வீட்டில் அப்படித்தான் புத்தகம் ஆனது. அத்தியாயம் முடிகிற பக்கத்துக்குப் பின்னால் பற்பொடி விளம்பரம் இருக்கும். ஒரு ஜோக்கின் பாதி இருக்கும், மீதிப் பாதி எந்த வீட்டு அடுப்புக்குப் போனதோ.

அந்தக் காலிகோ அட்டைப் புத்தகம் எங்கள் வீட்டில் தங்கியதே இல்லை. எதிர்வீட்டு மதினி வாங்குவாள், அவளிடமிருந்து டைப்ரைட்டிங் கிளாஸ் அக்காவிடம் போகும், அங்கிருந்து எங்கேயோ. திரும்பி வருகையில் நடுவே விடுபட்டிருந்த ஒரு வாரத்து அத்தியாயத்தை யாரோ ஒட்டிக்கொடுத்திருப்பார்கள். ஒட்டியவர் பெயர் தெரியாது. தாளில் மஞ்சள்தூள் விரல் பட்ட அடையாளம் மட்டும் இருக்கும்.

நூலகம் பக்கத்தில்தான். காலையில் கதவு திறக்கிற கிரீச் சத்தத்துக்காகப் படிக்கட்டில் காத்திருப்போமே, முதலில் உள்ளே போவது தாத்தாக்கள்தான். ஒரு தினத்தந்தியை நாலாகப் பிரித்து நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். கன்னித்தீவு படக்கதை வருகிற தாள் யார் கைக்குப் போகிறது என்பதில் தினமும் ஒரு சின்னப் போட்டி. சிந்துபாத் 1960 முதல் அலைகிறான். மூசா மந்திரவாதியால் உருச்சிறுத்துப்போன லைலாவை எப்போது பழையபடி ஆக்குவான் என்று பல்லில்லாத வாய்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தன. மாயக்கதை சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்கிறவர்களை நான் இன்றுவரை நம்பாததற்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் காரணம்.

நூலகர் சார் அதிகம் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். நாம் எடுத்து நீட்டிய புத்தகத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, “இதப் படிச்சியாலே?” என்று மேஜைக்குக் கீழிருந்து வேறொன்றை எடுப்பார். அந்த மேஜை இழுப்பறைதான் எங்கள் ஊரின் பரிந்துரைப் பட்டியல். வயதுக்குத் தக்க, ஆளுக்குத் தக்க, மழைக்காலமா பரீட்சைக்காலமா என்பதற்கும் தக்கபடி அதிலிருந்து புத்தகம் வரும்.

முதலில் அம்புலிமாமா. 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. பழைய வருஷங்களை மொத்தமாகத் தைத்து வைத்திருந்தார். தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கிற ஓவியர் சங்கரின் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இருட்டில் கொல்லைப்புறம் போக நாம் பட்ட பாடு! அப்புறம் பெரிய எழுத்து மதனகாமராஜன் கதை. அதைத் தாண்டியவனுக்குத்தான் சுஜாதாவின் ‘சொர்க்கத் தீவு’. கணிப்பொறி தெரிந்த ஐயங்கார் ஒருவரைக் கடத்திக்கொண்டுபோய்த் தீவில் இறக்குகிறார்கள் என்று நான் திண்ணையில் கதை சொல்ல, கணிப்பொறியையே கண்ணால் பார்த்திராத கூட்டாளிகள் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். மீசை அரும்பியபிறகு புதுமைப்பித்தன். ‘காஞ்சனை’யைக் கொடுத்தபோது, “பகல்ல படி” என்றார். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கொடுத்தபோது ஒன்றும் சொல்லவில்லை, தானாகச் சிரித்துக்கொண்டார்.

புத்தகத்தின் பின்னட்டையில் தேதித் தாள் ஒட்டியிருக்கும். ஊதா மையில் முத்திரை நெருக்கமாக விழுந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஓரத்தில் பென்சிலில் ‘சூப்பர்’ என்றும் ‘அழுதேன்’ என்றும் கிறுக்கியிருப்பார்கள். செய்யக்கூடாதுதான். ஆனாலும் நமக்கு முன்னால் ஒருத்தர் அந்தப் பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று தெரிவதில் ஒரு தெம்பு இருந்தது. இருட்டு வழியில் முன்னே போகிறவர் கையிலுள்ள அரிக்கேன் விளக்கைப் போல.

‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோவை விடவே முடியவில்லை, பாருங்கள். கதை நடப்பது 2021-இல். ஜீவா என்றொருவன் நாட்டை ஆள்கிறான். பிள்ளை பெறக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா என்றொரு பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அப்போது ரவி என்பவனோடு வருகிற இயந்திர நாய்தான் ஜீனோ. பேசும், புத்தகம் படிக்கும், நம் எல்லாரையும்விட அன்பாக இருக்கும். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்சாரம் எப்படி ஓடும் என்று தெரிந்த கை எழுதியதால் அந்த நாய்க்கு உயிர் வந்தது என்று சார் சொல்வார். 2021-இல் எனக்கு என்ன வயதாகும் என்று ஆற்றங்கரை மணலில் கூட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. எண்ணிப் பார்க்கவே முடியாத தூரம் அது அன்றைக்கு. வந்தது. கொரோனா ஊரடங்கில் நூலகத்துக்கே பூட்டுப் போட்டிருந்தார்கள். பைண்டிங் கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. அதுவும் ஷட்டர் இறங்கிக் கிடந்தது.

சார் ஓய்வுபெற்றபிறகு அந்த இழுப்பறைக்குள் என்ன வந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ கண்டிப்பாக இருந்திருக்கும், ஆறாம் வகுப்புப் பையனுக்கென்று. எஸ். ராமகிருஷ்ணனின் ‘ஏழு தலை நகரம்’ இருந்திருக்கும். பெரியவர்களுக்கு ஜெயமோகனின் ‘விசும்பு’, தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’. வெ. ஸ்ரீராமும் மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுவந்த ‘குட்டி இளவரசன்’ 1981-லேயே க்ரியா போட்டது. அதை எங்கள் நூலகத்தில் பார்த்ததாக ஞாபகம் இல்லை. பிந்தித்தான் படித்தேன். பத்து வயதில் படித்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் அடங்கவே இல்லை.

அதே ஸ்ரீராம் தமிழாக்கிய ‘ஃபாரன்ஹீட் 451’-ஐப் படித்த இரவில் சாரைத்தான் தேடினேன். புத்தகங்களைக் கொளுத்துவதே வேலையாகத் தீயணைப்புக்காரர்கள் திரிகிற உலகம் அது. 1953-இல் ரே பிராட்பரி எழுதியது. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் அரைமணி நேரத்துக்குப் பத்து சென்ட் காசு போட்டால் ஓடும் தட்டச்சுப்பொறி இருந்ததாம். சில்லறையைப் போட்டுப் போட்டு அங்கேயே தட்டி முடித்திருக்கிறார். நடுநடுவே எழுந்து மேலே போய் அலமாரிகளுக்கிடையே நடப்பாராம். அமெரிக்கர்களுக்கு அது கற்பனை. நம்மால் அப்படிப் படிக்க முடியுமா? 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள், அவற்றில் திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும். அந்த நாவலைத் தமிழில் வாசிக்கிற யாருக்கும் பாதியில் கை நின்றுவிடும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நூலகம் நிறைந்திருந்தது. எல்லா மேஜையிலும் குரூப் ஃபோர் படிக்கிற பிள்ளைகள், மின்விசிறிச் சத்தத்தில் தலை நிமிராமல். நன்றாக இருக்கட்டும், வேலை கிடைக்கட்டும் அவர்களுக்கு. கதை அலமாரி பின்னறைக்குப் போய்விட்டது. அந்துருண்டை வாசம் அப்படியே இருக்கிறது. ‘மீண்டும் ஜீனோ’வை உருவி எடுத்துத் தேதித் தாளைப் பார்த்தேன். கடைசி முத்திரை என்றைக்கோ விழுந்தது. புதிதாக வந்திருக்கிற நூலகர் அம்மா நல்ல மாதிரி. “கேக்குறவங்க இருந்தா வாங்கிரலாம் சார், யாரும் கேக்கதில்லையே” என்று பரிந்துரைக் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினார். நான்கு பெயர் எழுதிவிட்டு வந்தேன்.

நீங்களும் எழுதுங்கள். வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகச் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948-லேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. அந்தக் காசில் ஒரு ‘குட்டி இளவரசன்’ வாங்கச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. ஜீனோவை நீங்களே உங்கள் பெயரில் ஒருமுறை எடுத்து, முத்திரை குத்தி, வீட்டிலிருக்கிற பிள்ளை கையில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு வார விடுமுறை.